நாலு மோட்டார் சைக்கிளும் ஒரேயடியாகப் பழுதான பகல்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல், என் மோட்டார் சைக்கிளின் செயினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன்.

அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் வவுனியாவில் இல்லை. ஒட்டுசுட்டான் ரோட்டில் நிற்கிறேன். செம்மண்... வெயில்... வெள்ளைப் புகை.

பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் பெற்றோல் வராத காலம். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெய்க்கு உயிர்க்காது. அதற்கென்று கண் மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்போம். எஞ்சினுக்குள் நாலு சொட்டு விட்டு உதைக்க வேண்டும். உதை... உதை... பிறகும் உதை.

ரோட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய வண்டி நின்றாலும், அவ்வழியே வருகிறவர் நாலு சொட்டு விடாமல் போகமாட்டார். பகையாளி என்றாலும்.

அந்த வழக்கத்துக்குள்தான் நாங்கள் ஒளிந்துகொண்டோம்.

நாங்கள் என்றால்... இன்றைக்கு அதற்கு நிறையச் சொற்கள் உண்டு. அன்று எங்களிடம் ஒன்றும் இல்லை. நாயாற்றிலிருந்து மீன் பெட்டி கட்டி ஓடும் அன்ரன். முத்தையன்கட்டில் வயல் செய்யும் குணம், அன்ரனின் உயிர். ஊரூராகப் போய்ப் பிரசவம் பார்க்கும் ரஜனி. முன்பு ஒரு பையனை நேசித்தவள், பிறகு என்னை, இன்னொரு பெண்ணை. படிப்பை முடித்துச் சுகாதார வேலைக்கு வந்த நான். எங்களைப் போல ரோட்டில் ஓடித் திரிந்த இன்னும் சிலர்.

சும்மா மதகில் இருந்து கதைத்தால் ஊர் கேள்வி கேட்கும். துடைப்பதற்காக எஞ்சின் பிளக்கைக் கழற்றிய மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் குந்தியிருந்தாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆகவே முறை வைத்துப் பழுதாவோம். ஒருவர் பிளக்கைக் கழற்றுவார், மற்றவர்கள் உதவிக்கு நிற்பதுபோல நிற்பார்கள். "பிளக் செற்" என்று எங்கள் கூட்டத்துக்கு நாங்களே பேர் வைத்திருந்தோம்.

நான் சொல்ல வந்த பகல், குணத்தைப் பெண் வீட்டார் பார்க்க வரும் நாள். அவன் தன் வீட்டுக்குள் போய் ஒருதரம் தலையாட்டினால் முடிந்தது. அன்ரனை அவன் பிறகு ரோட்டில் பார்ப்பதுகூடச் சந்தேகம். அந்தப் பதற்றத்தில் மதகடிக்கு வந்து சேர்ந்த நாலு பேரும், பழக்கதோசத்தில், அவரவர் பிளக்கைக் கழற்றிவிட்டோம். ஒருவரும் கவனிக்கவில்லை.

குணத்தின் மூத்த அண்ணர் நடேசண்ணைதான் கவனித்தார். தம்பியைத் தேடிச் சைக்கிளில் வந்தவர்.

"என்னடா, நாலும் ஒரேயடியாச் செத்ததோ?"

"தொத்து வருத்தம் அண்ணை," என்றாள் ரஜனி.

அவர் சிரிக்கவில்லை. "பொம்பிளை வீட்டார் வந்து கதிரையிலை இருக்கினம். நீ இஞ்சை பிளக் துடைக்கிறாய். நட வீட்டை."

"நான் கலியாணம் கட்டமாட்டன் அண்ணை."

"ஏனாம்?"

குணம் அன்ரனைக் காட்டினான். "இவன் இருக்கிறான்."

நட்டநடுப் பகலில் அதை ஒருவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அன்றுதான் முதல்.

"விசர்க்கதை கதையாதை. ஊர் காறித் துப்பும்."

"துப்பட்டும். துடைச்சுப்போட்டு இருக்கிறன்."

நடேசண்ணை கையை நீட்டினார். "மோட்டச்சைக்கிள் எங்கடை அப்புவின்ரை. திறப்பைத் தா."

குணம் சாவியைக் கொடுத்தான். அன்ரன் தன் வண்டியைத் தட்டி, "ஏறு" என்றான்.

இப்படியான இடத்தில் சட்டென்று புறப்பட்டுப் போய்விட வேண்டும். எங்களால் முடியவில்லை... பிளக் பூட்ட வேண்டுமே! மூன்று பேரும் அவர் கண்ணுக்கு முன்னால் குந்தியிருந்து பூட்டினோம். என் போத்தலும் ரஜனியின் போத்தலும் எங்கள் வண்டிகளை உயிர்ப்பித்ததோடு முடிந்தன. அன்ரனின் போத்தல் ஏற்கெனவே காலி. அவன் உதைக்கிறான், உதைக்கிறான்... ஒரு இருமல்கூட இல்லை.

நடேசண்ணை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, குணத்தின் வண்டியில் தொங்கிய போத்தலை அவிழ்த்து வந்து, தானே குனிந்து நாலு சொட்டு விட்டார்.

"ரோட்டிலை நிண்டதுக்கு விடாமல் போனால் பாவம். அதுக்குத்தான். வேறை ஒண்டுக்குமில்லை."

"தெரியும் அண்ணை," என்றான் அன்ரன்.

"என்னை அண்ணை எண்டாதை."

அடுத்த உதைக்கு எஞ்சின் பிடித்தது.

முள்ளியவளைச் சந்தைக்குள்ளால் மூன்று வண்டியும் வரிசையாகப் போனோம். முகத்தை மறைக்காமல், மீன் பெட்டியில் சாய்ந்தபடி குணம். "மாப்பிள்ளை ஊர்வலமடி!" என்று ரஜனி புகைக்குள் இருந்து கத்தினாள்.

பின்னால் வந்த கடைசி யுத்தமும் இடப்பெயர்வும் எங்கள் செற்றைச் சிதறடித்தன. சிலர் எங்கே என்றே தெரியாது. ரஜனியும் நானும் வவுனியாவில் தங்கிவிட்டோம். அன்ரனும் குணமும் அலைந்து திரிந்து மறுபடி நாயாற்றுக்கே வந்தார்கள். நரைத்துவிட்டது, இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். நடேசண்ணை அவர்கள் வீட்டுப் படியை மிதித்ததில்லை.

இப்போது பெற்றோல் சந்திக்குச் சந்தி கிடைக்கிறது. எங்களைப் போன்ற பிள்ளைகள் போனில் குழு வைத்து, சொல்லி வைத்து, கூட்டமாக ஓடுகிறார்கள். படம் போடுகிறார்கள். எனக்குச் சந்தோசம்... கொஞ்சம் பொறாமையும்தான்.

போன கிழமை எங்கள் பழைய வகுப்புக் குழுவில் ஒருவர் அப்படியான படம் ஒன்றைப் போட்டு எழுதினார்: "உதெல்லாம் வெளிநாட்டாலை வந்த பழக்கம். எங்கட காலத்திலை வன்னியிலை இருந்ததே?"

இருந்தது. மண்ணெண்ணெயில் ஓடியது.

அடுத்த மாதம் கிளிநொச்சியில் அக்காவின் மகளுக்குக் கலியாணம். நேற்று அக்கா போன் எடுத்தாள். "நீ கட்டாயம் வா. ஆனா ரஜனியைக் கூட்டிக்கொண்டு வந்திடாதை. சனம் கதைக்கும்."

நான் போனை வைத்தேன்.

இந்த வரியை எழுதும் வரை என் முடிவை யாருக்கும் சொல்லவில்லை. ரஜனிக்குக்கூட. அவளை என் பின்னால் ஏற்றிக்கொண்டு ஏ9 ரோட்டால் போவேன். சனம் கூடி நிற்கும் மண்டப வாசலில்தான் வண்டியை நிறுத்துவேன்.