சவேரியாள் வைத்த ரோஜா

மடவார் வளாகத்தை ஒட்டிய தெருவில் பரிபூரணத்தைப் பூ வைத்தியச்சி என்று கேலி செய்வார்கள். காட்டிலாகா துரை பங்களாவில் ஆயாவாக இருந்தபோது துரைசாணியிடம் கற்றது, ஜாடியில் வைத்த பூ நாள்பட வாடாமலிருக்கும் வைத்தியம். வெயில் ஏறுமுன் ரோஜாவை வெட்டி, காம்பைத் தண்ணீருக்குள் பிடித்தபடியே நுனியை மறுபடி சாய்வாக நறுக்குவாள். தண்ணீரில் முங்கும் இலைகளைக் கிள்ளிவிடுவாள். காலையும் மாலையும் தண்ணீர் மாற்றுவாள். பழுத்த மாம்பழத்தின் காற்றுப் பட்டால் பூ வாடிவிடும் என்று அதை ஜாடிப் பக்கம் அண்டவிடமாட்டாள். தலையில் வைத்தால் சாயங்காலமே வாடப்போகும் பூவுக்கு இத்தனை கூத்தா என்று தெருவே சிரிக்கும்.

1936இல் அவளுடைய ஒரே மகள் சவேரியாள் காய்ச்சலில் செத்துப்போன பிறகு யாரும் சிரிக்கவில்லை. தகப்பன் இருதயம் கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. தந்தி போயும் தோட்டத்து துரை உடனே லீவு கொடுக்கவில்லை. அந்தப் பாவிக்குப் பிள்ளைகுட்டி இல்லை போலிருக்கிறது. அவர் வராமலே அடக்கம் முடிந்தது.

போன தடவை அவர் புறப்படும்போது, "அடுத்து வாரப்போ எஞ்செடி பூத்திருக்கும்ப்பா" என்று சொல்லியிருந்தாள் சவேரியாள். முகத்தைத்தான் பார்க்கவில்லை, மகள் வைத்த செடியின் பூவையாவது அவர் பார்க்க வேண்டும் என்று பரிபூரணத்துக்கு ஒரே பிடிவாதம். செடியோ வேரில் கறையான் பிடித்துப் பட்டுக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த மூன்று பூவையும் வெட்டி, மாதா படத்துக்கு முன்னால் ஜாடியில் வைத்தாள். அழக்கூட நேரமில்லாமல் அவற்றுக்குக் காவல் கிடந்தாள். இதழோரம் சுருங்கினாலும் பூக்கள் தலை சாயவில்லை.

இருதயம் வரும் அன்று அவள் ரயிலடிக்குப் போனாள். வீட்டை எதிர்வீட்டுக் கமலவல்லி பார்த்துக்கொண்டாள். ஆண்டாள் கோயிலுக்கு மாலை கட்டும் குடும்பம் அவளுடையது. வெறுமனே இருப்பானேன் என்று வீட்டைக் கூட்டித் துடைத்தாள். சாமி படத்துக்கு முன்னால் பழைய பூ இருப்பது கண்ணில் பட்டது. துக்கத்தில் மாற்ற மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். யார் காலிலும் மிதிபடாதபடி அதைக் கிணற்றில் போட்டுவிட்டு, தன் தோட்டத்துப் பன்னீர் ரோஜாவை ஜாடி நிறைய வைத்தாள். நல்லது நினைத்துத்தான் செய்தாள், புண்ணியவதி.

வழியெல்லாம் மனைவி சொன்ன பூவைத் தேடிக்கொண்டேதான் இருதயம் உள்ளே நுழைந்தார். ஜாடியை இரண்டு கையாலும் எடுத்து முகத்தோடு சேர்த்துக்கொண்டார்.

"எம் மக வச்ச பூ! எம்புட்டு வாசம், பாருட்டி!"

சவேரியாள் வைத்தது சீமை ரோஜா. அதற்கு வாசமே கிடையாது.

பரிபூரணம் கமலவல்லியைத் திரும்பிப் பார்த்தாள். கமலவல்லிக்கு அப்போதுதான் விளங்கியது. "ஐயோ, நாந்தான் கிணத்துல..." என்று தொடங்கினாள்.

"நீ செத்த சும்மாயிரு, கமலம்" என்றாள் பரிபூரணம். பிறகு கணவரிடம், "ஆமா, அவ வச்சதுதான்" என்றாள்.

லீவு முடியும்வரை இருதயம் அந்த ஜாடியின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். மகளிடம் பேசுவதுபோல அதனிடம் பேசினார். பன்னீர் ரோஜா சட்டென்று உதிர்ந்துவிடும் சாதி. பரிபூரணத்துக்கோ அந்தப் பூவைக் கண்டாலே வயிறு எரிந்தது. ஆனாலும் காம்பை நறுக்கினாள், காலையும் மாலையும் தண்ணீர் மாற்றினாள். அவர் திரும்பக் கப்பலேறப் போகும்வரை அதில் ஒன்றைக்கூட அவள் சாகவிடவில்லை.