தார்ப் பீப்பாயும் கொசுறு எறியும்

இரும்பு வியாபாரத்தில் எல்லாச் சரக்கும் கனம். லாபம் ஒன்றுதான் லேசு. ஆணி, கொண்டி, கம்பி, தார் என்று திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் விற்றவன் நான். ஆரல்வாய்மொழிக் கணவாய் கடந்து வெறுங்காலோடு வந்து, மூட்டை தூக்கி, ஏச்சு வாங்கி, பிறகு ஏசவும் படித்து, கடைசியில் சொந்தமாக ஒரு பலகை மாட்டினேன். பள்ளிக்கூடத்தை நான் பார்த்ததில்லை. பேரத்தில் என்னை ஜெயித்தவனையும் பார்த்ததில்லை. ‘கொசுறு கிடையாது’ என்று முகப்பிலேயே எழுதிப் போட்டிருந்தேன். இப்படிப்பட்டவன் ஒரு கோடை முழுக்கப் பிள்ளைகள் பந்து எறிவதைக் காவல் காக்கும்படி ஆனது. கல்லாவில் உட்கார்ந்து முதுகு ஒடிந்த கூட்டாளிகளே, உங்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

பெரிய பந்து

கொச்சித் துறைமுகத்தில், ஆள் வந்து எடுக்காத சரக்கை ஏலத்தில் விடுவார்கள். அப்படி ஒரு நாள் வந்தது, ஒரு பெரிய மரப்பெட்டி நிறையத் தோல் பந்து. அந்த நாளில் திருவனந்தபுரத்தில் காலி மனை கிடைத்தால் போதும், பையன்கள் புட்பால் உதைத்துக் கொண்டிருப்பார்கள். ஏலக்காரன், “சாதாரணப் பந்தைவிட இது பெரிசு” என்றான். பெரிய பந்து சின்னப் பந்தின் விலைக்கு வருகிறதே என்று எனக்குள் ஒரே குதூகலம். இன்னும் கொஞ்சம் அடித்துப் பேசி வாங்கி, வண்டியேற்றிக் கொண்டுவந்து சேர்த்தேன்.

புட்பால் பையன்கள் கூட்டமாக வந்தார்கள். அவர்களில் தலைவன் மாதிரி இருந்த மலையாளத்துப் பையன் ஒன்றை எடுத்துப் போய் ஓங்கி உதைத்தான். பந்து சோம்பலாக உருண்டு ஓடையில் விழுந்தது. அவன் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு திரும்பி வந்து, தெருவெல்லாம் கேட்கச் சொன்னான்: “அண்ணாச்சி, இது பந்தல்ல, சக்கையாக்கும், பலாப்பழம். உதைக்கிறதுக்கு இல்ல, முறிச்சுத் தின்கிறதுக்கு.”

டிரில் மாஸ்டரின் வைத்தியம்

சாலைக் கடைத்தெருவில் ஒருவனுக்கு நஷ்டம் வந்தால் மற்றவன் அனுதாபப்படுவான். ஏமாந்தான் என்று தெரிந்தால் சாகும்வரை சிரிப்பான். பக்கத்து மிளகாய் மண்டி சுடலைமுத்து காலையில் கடை திறக்கும்போதே, “அண்ணாச்சி, சக்கை பழுத்திட்டா?” என்று கேட்க ஆரம்பித்தான். எனக்கோ வேறு பயம். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் இந்த ஊர் ஈரத்தில் தோல் சாமான் பூஞ்சை பூத்துவிடும். மழைக்கு முன் பெட்டி காலியாக வேண்டும். இல்லாவிட்டால் சரக்கும் போகும், ‘பேரத்தில் புலி’ என்ற பேரும் போகும்.

அப்போதுதான் ஞானதாஸ் சார் கதவுக் கீல் வாங்க வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், இங்கே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். அவர்கள் நிர்வாகத்துப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விளையாட்டுச் சாமான் எடுப்பவரும் அவர்தான். பந்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இது பாஸ்கட் பால், காலால் உதைப்பது அல்ல, உயரத்தில் மாட்டிய வளையத்துக்குள் கையால் எறிவது என்றார். அப்படியானால் பெட்டியோடு எடுத்துக்கொள்ளும் என்றேன். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் வராது என்று அவர்கள் மானேஜர் சாதிக்கிறாராம். அதைப் பொய்யாக்க, மேட மாதத்து, அதாவது சித்திரை லீவில் நீர் பிள்ளைகளைப் பழக்கும், மாதக் கடைசியில் என் முன்னால் ஒரு பிள்ளை பத்து எறிந்து பத்தும் போட்டால் அதற்கு ஒரு பந்து பரிசு கொடும், மிச்சப் பெட்டியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார் சார். இதெல்லாம் கடைக்காரன் செய்கிற வேலையா என்று கத்தினேன். அவர் கீலைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்: “முதல்ல பிள்ளைகளுக்குக் கை அரிக்கணும் அண்ணாச்சி. அரிப்பு வந்துட்டா மருந்துக்கு அப்பன்மாரு தன்னால வருவாங்க.”

கொசுறு

கடைக்குப் பின்னால் ஒரு முற்றம். ஒரு பக்கம் கம்பி அடுக்கு, மறுபக்கம் தார்ப் பீப்பாய். சார் சொன்ன அளவில் ஒரு பீப்பாய் வளையத்தைத் தட்டி, தென்னந்தடி நட்டு, உச்சியில் மாட்டினேன். பந்து எறிகிறவர் நிற்க, பீப்பாயை ஒட்டி ஓர் ஆள் நிற்கும் இடம்தான் மிச்சம் இருந்தது. பிள்ளைகள் அங்கே நின்று காலையிலிருந்து எறிந்தார்கள். இரும்பில் பந்து பட்டு ‘டண்’ என்கிற அந்தச் சத்தம் என் மத்தியானத் தூக்கத்தைக் கொன்றது. இரண்டு பந்துகளைப் பழக்கத்துக்கு விட்டிருந்தேன், ஆளுக்குப் பத்து எறி என்று கணக்கு. அப்படியும் வரிசையில் சண்டை.

சுடலைமுத்துவின் மகள் பொன்னம்மைக்குப் பத்து வயது இருக்கும். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பீப்பாயில் இடது முழங்கையை உரசி நின்று எறிவாள். தினமும் பத்து முடிந்ததும் நகராமல் நின்று, கொசுறு ஒன்று கேட்பாள். பலகையைப் போய்ப் படி என்று எரிந்து விழுந்தேன். அவள் பந்தை என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: “வெண்டைக்காய் விக்கிற கிழவிகூட ஒண்ணு அதிகம் போடுதா பெரியப்பா. நீங்க இரும்புக்கடை வச்சிக்கிட்டு இப்படி இருக்கீய.”

மாமியின் வழக்கு

ஸ்ரீவராகம் அக்கிரகாரத்திலிருந்து ஒரு மாமி தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பையனுக்கு லீவில் வீட்டில் கை சும்மா இருக்கவில்லையாம், இரண்டு கண்ணாடி உடைந்ததாம். அவன் எறிய, அவள் ஓரமாக நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஒரு பந்து வளையத்தின் விளிம்பில் சுற்றோ சுற்றென்று சுற்றி, வெளியே விழுந்தது. உள்ளே விழவில்லை என்றேன். விழுந்த மாதிரிதான் என்றாள் அவள்.

எத்தனையோ ஆபீசர்மாரைப் பேரத்தில் மடக்கியவன் நான். இவளிடம் அரை நாழிகை பேசி நா வறண்டுவிட்டது. வரிசையில் நின்ற பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துவிட்டன. கடையில் இரண்டு வாடிக்கை திரும்பிப் போனது. மாமி குரலை உயர்த்தவே இல்லை. கடைசியாகக் கேட்டாள்: “உள்ளே எட்டிப் பாத்துட்டுத்தானே வந்தது? முழுசாப் போட வேண்டாம், பாதியாவது போட்டுக்கப்படாதோ கடைக்காரரே?”

மிளகாய்க் களத்தில்

ஒரு நாள் பந்து தடியில் மோதி, மதில் தாண்டி, சுடலைமுத்து காயப்போட்டிருந்த வற்றலில் விழுந்தது. எடுக்கப் போன பிள்ளைகள் ஏழெட்டும் அதற்குள் நடந்து துழாவின. அப்புறம் கடைத்தெருவே தும்மியது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தக் கூத்து இன்றோடு முடிந்தது, எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்று விரட்டினேன். நிஜமாகவே முடித்துவிட நினைத்தேன். உடம்பு அவ்வளவு சலித்திருந்தது.

சுடலைமுத்து சண்டைக்கு வருவான் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். வந்தான். மூக்கைச் சிந்தி மதிலில் துடைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னான்: “நிறுத்தாதேயும் வேய். மழை வரட்டும். பூஞ்சை பிடிச்ச பந்துக்கு நடுவுல நீரு இருக்கிற கோலத்தைப் பார்த்துட்டுத்தான் நான் கண்ணை மூடுவேன்.” மறுநாள் விடிவதற்குள், பிள்ளைகள் எறிய முற்றத்தை நானே பெருக்கி வைத்தேன்.

பள்ளிக்கூட மைதானம்

மாதக் கடைசியில் ஞானதாஸ் சார் போட்டியைத் தம் பள்ளி மைதானத்தில் வைத்தார். வெள்ளையடித்த கம்பம், புது வளையம். பெட்டியையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோயிருந்தேன். தெற்கே மேகம் கறுத்திருந்தது. மாமியின் மகன் நாலோடு நின்றான். மற்றவர்கள் இரண்டு, மூன்று. என் நம்பிக்கை முழுக்கப் பொன்னம்மைமேல். முற்றத்தில் அவள் பத்தும் போட்டதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

அவளுடைய முதல் எறி வளையத்தைத் தொடவே இல்லை. இரண்டாவது கம்பத்துக்கு அப்பால் போனது. சார் தேறாது என்று தலையை ஆட்டினார். கையில் சுளுக்கா, சாப்பிடவில்லையா, ஏன் என் குடியைக் கெடுக்கிறாய் என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவள் இடது கையை ஒன்றுமில்லாத இடத்தில் நீட்டித் துழாவினாள். “பக்கத்துல பீப்பாய் இல்லியே பெரியப்பா. எங்க நிக்கேன்னே எனக்குத் தெரியல.”

பீப்பாய்

சாரிடம் போய், பீப்பாய் வரும்வரை பொறும் என்றேன். சட்டத்தில் பீப்பாய் இல்லை என்றார். பீப்பாய் கூடாது என்று இருக்கிறதா என்றேன். யோசித்தார். அந்த யோசனை போதும் எனக்கு. ஆனால் என் வண்டிக்காரன் காப்பி குடிக்கப் போயிருந்தான். வேடிக்கை பார்க்க வந்த சுடலைமுத்துதான் எழுந்தான். “தோக்கது எம் மகளாக்கும்” என்று என்னிடம் உறுமிவிட்டுத் தன் மிளகாய் வண்டியைப் பூட்டி ஓட்டிப் போனான். தாரும் வற்றல் நெடியுமாகப் பீப்பாய் வந்து இறங்கியது. பொன்னம்மை முழங்கையை உரசி நின்றாள். புதிதாக எண்ணத் தொடங்கினோம். ஒன்பதும் விழுந்தது. தூறல் ஆரம்பித்தது. பத்தாவது விளிம்பில் சுற்றி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வெளியே விழுந்தது. மாமி என்னைப் பார்த்தாள்.

என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? “சார், சாலையில் பத்து வாங்கினா ஒண்ணு கொசுறு உண்டு. பிள்ளைக்கு ஒரு எறி கொசுறு போடும்.” ஞானதாஸ் சார் குடையை விரித்துக்கொண்டு சிரித்தார். “ஒம்ம கடைப் பலகையை நான் படிச்சிருக்கேன் வேய். நான் கொசுறு கொடுத்தா நீரும் கொடுக்கணும். அந்தப் பீப்பாய் இங்கேயே நிக்கட்டும். அது இல்லாம இந்த ஊர்ப் பிள்ளைகள் எறியாது.” பாதித் தார் மிச்சம் இருந்த பீப்பாய். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன். பொன்னம்மை நனைந்த பந்தைப் பாவாடையில் துடைத்து எறிந்தாள். விளிம்பில் படாமல் விழுந்தது. பேசினபடி சார் பெட்டியை எடுத்துக்கொள்ள, அதைப் பள்ளி வராந்தாவுக்கு மாற்றினார்கள். அவள் தன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அப்பன் வண்டியில் ஏறும்போது திரும்பிக் கேட்டாள்: “அப்ப நாளையிலருந்து நம்ம கடையிலயும் கொசுறு உண்டு, இல்லியா பெரியப்பா?”

பந்து போனது, பீப்பாய் போனது, மழையில் பலகையின் எழுத்தும் போனது. அன்றையிலிருந்து ஒற்றை ஆணி வாங்க வருகிறவன்கூட ‘இன்னொண்ணு போடும் அண்ணாச்சி’ என்று கையை மடக்காமலே நிற்கிறான்.