ஆறரைக்கு ஒரு ரிங்

ரங்கநாயகி மேடம் போய்விட்ட சேதியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அன்று காலை ஆறரைக்கு என் போன் அடிக்கவில்லை. அதுதான் சேதி.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காலேஜில் எங்கள் துறையில் மேடம் நினைவாகப் போடும் புத்தகத்துக்கு நாலு வார்த்தை கேட்டார்கள். நான் சொல்லச் சொல்ல, இப்போது அங்கே வேலை பார்க்கும் உமா டீச்சர் எழுதுகிறார். மேடத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அவர் காலேஜில் நுண்ணுயிரியல் துறைத் தலைவராக இருந்தவர். நான் அதே லேபில் அட்டெண்டர். கண்ணாடிச் சாமான் கழுவுவதும், பாக்டீரியா வளர்க்கும் தட்டுகளுக்கு அகர் காய்ச்சி ஊற்றுவதும் என் வேலை. அதற்கு முன்னால் கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டினேன்.

வேலையில் சேர்ந்து ஏழெட்டு வருசம், எனக்கு எழுத்து தெரியாததை யாரும் கண்டுபிடிக்கவில்லை. எந்தப் பாட்டில் எந்த இடம் என்று மனசில் வைத்துக்கொள்வேன். மேல் தட்டில் ஜன்னலோரம் குளுக்கோஸ், அதற்கு அடுத்தது லாக்டோஸ். இரண்டும் வெள்ளைப் பொடி. ஒரு ஆயுத பூஜைக்கு யாரோ அலமாரியைத் துடைத்து, பாட்டில்களை மாற்றி அடுக்கிவிட்டார்கள். அடுத்து வந்த பிராக்டிகல் பரீட்சைக்கு, லாக்டோஸ் என்று நினைத்து குளுக்கோஸைக் கொட்டித் தட்டு ஊற்றிவிட்டேன். நீலமாக வரவேண்டிய பாக்டீரியாப் புள்ளிகள் ஒன்று விடாமல் வெள்ளையாக நின்றன. பரீட்சை வைக்க வெளியூரிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார்.

மேடம் கழுவுகிற அறைக்கு வந்து, எந்தப் பாட்டிலில் எடுத்தீர்கள் என்று கேட்டார். காட்டினேன். பேர் பெரிய எழுத்தில் அதன் மேலேயே இருந்ததாம். பாட்டிலை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். வேலை போச்சு என்று நின்றேன். அவர் வெளியே போய் அந்த ஆளிடம் சொன்னது காதில் விழுந்தது.

"தட்டுல சர்க்கரை மாறிப்போச்சுங்க. பொறுப்பு என்னுது. ஏன் வெள்ளையா வந்துச்சுன்னு புள்ளைங்க எழுதட்டும், அதுக்கே மார்க் போட்டுக்கலாம்."

என் பேர் வரவேயில்லை. மறுநாள் குளுக்கோஸ் பாட்டில் கழுத்தில் சிவப்பு நூலும், லாக்டோஸ் கழுத்தில் நீல நூலும் இருந்தன. மேடமே கட்டியிருந்தார். இன்றைக்கும் அங்கே அப்படித்தான் கட்டுகிறார்களாம். ஏனென்று இதை எழுதும்போதுதான் உமா டீச்சருக்கே தெரிந்தது.

ஏன் வெள்ளையாக வந்தது என்று நானும் கேட்டேன். டீ குடித்துக்கொண்டே சொன்னார். பாக்டீரியா படு சிக்கனம். லாக்டோஸ் என்பது பாலில் இருக்கிற சர்க்கரை. அதைத் தின்பதற்கு வேண்டியதைச் செய்யும் ஜீன்கள் மூன்றும் ஒரே வரிசையில், ஒரே சுவிட்சில் இருக்கின்றன. அந்த வரிசைக்கு ஒபரான் என்று பேர்.

"நீங்க தறிக்காரருங்க. ஒரு சுவிட்சைப் போட்டா மூணு தறி ஓடறாப்பலன்னு வெச்சுக்குங்க," என்றார்.

லாக்டோஸ் இல்லாதபோது ஒரு காவல்காரன் அந்தச் சுவிட்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான், தறி நின்றுவிடும். லாக்டோஸ் உள்ளே வந்து அவனைப் பிடித்து இறக்கினால் ஓடும். தறி ஓடினால்தான் தட்டில் கலந்திருக்கிற சாயம் நீலமாக மாறும். நான் போட்டதோ குளுக்கோஸ். லாக்டோஸ் வரவில்லை, காவல்காரன் இறங்கவில்லை.

லாக்டோஸ் எந்த வழியாக உள்ளே வரும் என்றேன். அதற்கு வாசல் செய்வதும் அந்த மூன்று தறியில் ஒன்றுதான் என்றார். எனக்கு இடித்தது.

"அப்ப அந்தத் தறியும் நின்னுதானுங்க கிடக்கும். வாசலே இல்லாம மொத ஆளு எப்படீங்க உள்ள வர்றது?"

மேடம் டம்ளரைக் கீழே வைத்தார். "இதை இந்த லேபுல கேட்ட ரெண்டாவது ஆளு நீங்க. மொத ஆளு நானு." சிரித்து முடித்துத்தான் பதில் சொன்னார். "முழுசா நிக்கறதில்லீங்க. காவல்காரன் எப்பவாச்சும் ஒரு நொடி நழுவுவான். அந்த நொடியில ஒண்ணு ரெண்டு வாசல் செஞ்சுபோடும். சும்மா கசியறதுதான். ஆனா அந்தக் கசிவு இல்லாட்டி, வெளியில எத்தனை லாக்டோஸ் வந்து நின்னாலும் உள்ள தெரியாதுங்க."

நான் ஓய்வு பெற்றேன். இரண்டு வருசம் கழித்து அவரும். அவர் வீட்டுக்காரர் தவறினார்; மகள் வெளிநாட்டில். பிறகு என் வீட்டுக்காரி பழனியம்மாளும் போனாள். பெரியநாயக்கன்பாளையத்தில் நான் ஒருத்தன், கோயமுத்தூரில் அவர் ஒருவர். துக்கம் கேட்க வந்தவர்கள் போனபின் எனக்குப் பேச்சே நின்றுவிட்டது. வாரக்கணக்கில் வாய் திறக்காமல் கிடந்திருக்கிறேன். மேடம் போன் போடுவார்; நான் "ம்" என்பேன், அவ்வளவுதான். ஒருநாள் அவரே சொன்னார்:

"பேச வேண்டாமுங்க சின்னச்சாமி. தினமும் காலைல ஆறரைக்கு ஒரு ரிங் விடறேன். எடுக்காதீங்க. திருப்பி ஒரு ரிங் விடுங்க. கசிவு மட்டும் நிக்காம இருக்கட்டும்."

அப்படியே ஆறு வருசம் நடந்தது. என் போனில் இரண்டாம் நம்பரை அமுக்கினால் மேடம். ஒருமுறை நான் சார்ஜ் போட மறந்துவிட்டேன். எட்டு மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"ஏனுங்க, இருக்கீங்களா? என்ன சொல்லி அழறதுன்னு வழியில துடியலூர் தாண்டினதுல இருந்து யோசிச்சுட்டு வாரேன். நீங்க உக்காந்து பழைய சோறு சாப்பிட்டுட்டு இருக்கீங்க."

திட்டிவிட்டு, தனக்கும் ஒரு தட்டு வைக்கச் சொன்னார். வெங்காயம் கடித்துக்கொண்டு சாப்பிட்டார்.

அந்த நினைப்புதான் கடைசி நாளில் என்னைக் கெடுத்தது. ஆறரை தாண்டியும் ரிங் வராதபோது, இன்றைக்கு அவர் சார்ஜ் போட மறந்திருப்பார், போய் நின்று கேலி செய்யலாம் என்று நினைத்தேன். நான் போட்ட ரிங் அடித்து ஓய்ந்தது. சார்ஜ் இல்லாத போன் அடிக்காதே என்று எனக்கு உறைக்க ஏழரை ஆனது. காந்திபுரத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறி, பக்கத்து வீட்டுக்காரரிடம் இருந்த சாவியை வாங்கித் திறந்தோம். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். போன் மேஜையில் முழுச் சார்ஜில் இருந்தது. தூக்கத்திலேயே, விடியும் முன்பே போயிருக்கிறது என்றார் டாக்டர். எனக்காகச் சொன்னாரோ என்னவோ. அந்த ஒரு மணி நேரம் இன்னும் என்னோடு இருக்கிறது.

மகள் வந்ததும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "அம்மா போன்ல தினமும் உங்க நம்பர் இருக்குதுங்க. ஒருநாள்கூட பேசினதா இல்லையே?" சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பதினாறாம் நாள் முடிந்து ஊர் திரும்பும்வரை அந்தப் போனை அணைக்க மாட்டேன் என்றார்.

அதற்குப் பிறகு அது அடிக்காது. எனக்குத் தெரியும். எனக்குத் திருப்பி ரிங் விடவும் ஆளில்லை. இருந்தாலும் ஆறரை ஆனால் விரல் இரண்டாம் நம்பருக்குப் போகிறது, போகட்டும்.

போய் வாங்க மேடம். நான் ரிங் விடுகிறேன். எப்போதும் போல, நீங்கள் எடுக்க வேண்டியதில்லை.