லூர்துமேரியின் போசனப்பிரியம்

எங்கள் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் லூர்துமேரிக்கு ஒரு காலத்தில் எலும்புக்கூடு என்றுதான் பட்டப்பெயர். மூச்சிழுப்பு அவளை அப்படி வாட்டியது. எழுபத்தைந்தாம் வருஷம் டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது என்றார். மூச்சு வந்தது. கூடவே உடம்பும் வந்தது. முகம் பூரியாய் உப்பி, வயிறு தள்ளியது. கைகால் மட்டும் பழைய குச்சிதான். அதை யார் கவனித்தார்கள்?

அடுத்த வீட்டுக் கனகவல்லி முதலில் சந்தோஷப்பட்டாள், பிறகு கிண்டல் செய்தாள். ஒர்க்‌ஷாப்பில் பிட்டரான புருஷன் ஆரோக்கியசாமி கிண்டலோடு நிற்கவில்லை.

"நான் வேலைக்குப் போனப்புறம் என்னாத்த துன்ற?"

"மாதா மேல சத்தியமா ஒண்ணும் துன்னலீங்க."

"கைக்கு, எதுக்கு பொய் சொல்ற? ஒடம்பே சொல்லுதே!"

சோற்றைப் பாதியாக்கினாள். அப்படியும் பெருத்தாள். கடைசியில் அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், போசனப்பிரியம் என்ற தலையான பாவத்தைச் செய்துவிட்டதாகச் சொல்லி அழுதாள். அரை வயிற்றுக்குச் சாப்பிட்டவள், பெருந்தீனிக்காக மன்னிப்புக் கேட்டாள்! இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

ஈஸ்டருக்கு முந்தைய அந்தத் தபசு காலம் முழுக்க ஒருசந்தி இருந்து ஒரு வேளைதான் சாப்பிட்டாள். இளைக்கவில்லை. பெரிய வாரம் வந்ததும் அதையும் விட்டு வெறும் தண்ணீர் குடித்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டிய மாத்திரையை, சாப்பாடே இல்லாதபோது எப்படிப் போடுவது? அதையும் விட்டாள். டாக்டரைக் கேட்கத் தோன்றவில்லை. நோன்பு என்ன டாக்டரிடம் கேட்கிற விஷயமா?

பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதையில் வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் நாடி பிடிபடவில்லை. மறுநாள் போய்விட்டாள்.

டாக்டர் ஆரோக்கியசாமியைத் தனியே அழைத்தார். அந்த மாத்திரை போட்டால் கொஞ்சமாகச் சாப்பிட்டாலும் உடம்பு உப்பும் என்றார். நெடுநாள் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்றார். அவன் தலையாட்டிக்கொண்டே நின்றான்.

அடக்கத்தன்று பெட்டியைத் தூக்கியவர்களில் ஒர்க்‌ஷாப் ராஜாராமனும் ஒருவர். தோள் மாற்றும்போது மெல்லச் சொன்னார்: "என்னா கனம்! நல்லா சாப்ட்ட ஒடம்பு."

ஆரோக்கியசாமி தெருவிலேயே உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டான்.

"நக்கோ, வேணாம், அப்பிடி சொல்லாதீங்க. அவ துன்னல. பட்டினி கெடந்தா... மாதா மேல சத்தியமா பட்டினி கெடந்தா."

பாவம், துக்கத்தில் பிதற்றுகிறான் என்று சொல்லி நாலு பேர் அவனைத் தூக்கி நிறுத்தினார்கள். ஒருவரும் நம்பவில்லை.