பிளேன் தீர்ந்ததும் வாரேன்

நரிக்குடிக்குத் தெற்கே கண்மாய்க்கரையில் ஆடு மேய்க்கிற நாகஜோதிக்கு, ஆகாயத்தில் பிளேன் சத்தம் கேட்டால் கழுத்து தானாக நிமிர்ந்துவிடும். மதுரையிலிருந்து கிளம்பிப் போகிற பிளேன்தான், தினமும் போவதுதான். ஆனாலும் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "இது எப்ப அவுக கைக்குப் போய்ச் சேரப் போகுதோ" என்று பக்கத்தில் நிற்கிற ஆட்டிடம் சொல்வாள்.

அவுக என்றால் அவள் புருசன் மாரிச்சாமி. அருப்புக்கோட்டையில் லாரிப் பட்டறை மெக்கானிக்காக இருந்தவன், கொரோனா அடங்கின கையோடு வளைகுடாவுக்குப் போனான். அங்கே பாலைவனத்தை ஒட்டின ஒரு யார்டில், ஓட்டம் முடிந்த பிளேன்களைப் பிரித்துப் போடுகிற வேலை. ராட்டினத்தில் ஏறவே பயப்படுகிற மனுசனுக்கு இப்படி ஒரு வேலை வாய்த்ததைச் சொல்லிச் சொல்லி ஊர் சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் பஸ் ஏறினான்.

"கெழட்டுப் பிளேனா வந்து குமிஞ்சு கெடக்காம் புள்ள. அதுக தீந்துட்டா வேலையும் தீந்துச்சு. ஒரேடியா வந்துருவேன்" என்று அவளிடம் சொன்னான்.

ஒரு பிளேன் இருபது, இருபத்தைந்து வருசம் பறக்கும் என்றும் அவன்தான் சொல்லியிருந்தான். அப்படியானால் கிழடுகள் எத்தனைதான் இருந்துவிடும்? ரெண்டு மழைக்காலம் போனால் ஆள் வீட்டில் இருப்பார் என்று அவள் மனக்கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கை நம்பித்தான் கருப்பசாமிக்கு ரெண்டு வயசுக் கிடாய் ஒன்றை நேர்ந்துவிட்டாள். அவன் ஒரேடியாக வந்து சேர்ந்ததும் அதை வெட்டி, பங்காளிகளைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போடுவதாக வேண்டுதல்.

நேர்ந்துவிட்ட கிடாயை விற்க முடியாது, வேறு காரியத்துக்கு வெட்டவும் முடியாது. எவன் கொல்லையில் வாய் வைத்தாலும் சாமி கிடாய் என்று விரட்டத்தான் செய்வார்களே ஒழிய அடிக்க மாட்டார்கள். அது தெரிந்தோ தெரியாமலோ அந்தக் கிடாய்க்கு வந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. கொம்பு முறுக்கி, தாடி வளர்த்து, ஊரில் பெரிய மனுசனாகிவிட்டது. மாரிச்சாமிதான் வந்தபாடில்லை.

லீவில் வருவான். லீவு வேறு, வருவது வேறு என்று நாகஜோதிக்குத் தெரியும். அவன் பெட்டி கட்டுகிற அன்று அவள் ஆட்டுக் கொட்டகையை விட்டு வெளியே வரமாட்டாள். போனபிறகு அவன் சட்டை ஒன்றைத் துவைக்காமல் கொடியிலேயே போட்டுவைப்பாள். அதைக் கேலி பண்ணிய நாத்தனார் முத்துத்தாயிடம் ஒரு மாசம் பேசவில்லை.

சமீபத்தில் ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் அவன் வீடியோவில் கூப்பிட்டான். கண்மாய்க்கரையில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். ஏறி நின்றாள். அவன் போனைத் திருப்பிப் பின்னால் நின்ற பிளேனைக் காட்டினான். வெயிலில் பளபளவென்று கிடந்தது.

"என்ன மாமா, பெயிண்டு வாசங்கூடப் போயிருக்காது போல?"

"ஆறு வயசுதான் புள்ள."

"ஏதும் கோளாறா?"

"ஒரு கொறையுமில்ல. போன வாரம் பறந்துதான் வந்து எறங்குச்சு."

"பெறகு எதுக்குப் பிரிக்கிறீக?"

மாரிச்சாமிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இதே மாடல் பிளேனு பூராம் ஊரூருக்கு இஞ்சின் இல்லாம நிக்கிது. அதுக இஞ்சின்ல ஒரு கோளாறு. ரிப்பேருக்குக் குடுத்தா மாசக்கணக்குல வரிசை, புதுசும் சட்டுன்னு கெடைக்காது. இதுல உள்ள ரெண்டு இஞ்சினையும் கழத்தி வாடகைக்கு விட்டா, முழுப் பிளேன விடுறதக் காட்டியும் லாபமாம். பெறகு சக்கரம், கம்ப்யூட்டரு, கதவுன்னு ஒவ்வொண்ணாப் போயிரும். கெழட்டுச் சாமான யாரு சீந்துறா? எளசுக்குத்தான் இப்பக் கிராக்கி."

நாகஜோதிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வீரசோழனிலிருந்து வருகிற ஆட்டு வியாபாரி கிழட்டு ஆட்டின் பக்கம் திரும்பக்கூட மாட்டார். இளசாகப் பார்த்து முதுகைத் தடவுவார். உருப்படியாக, முழு ஆடாக வாங்குகிற விலை ஒன்று, கறியைக் கூறு போட்டு விற்கிற விலை வேறு. இத்தனை வருசம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தும், பிளேன் என்றதும் கிழட்டுக் கணக்கை நம்பி உட்கார்ந்திருந்தோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். கிழடு ஒருநாள் தீரும். இளசு எங்கே தீரும்?

"அப்ப இது தீராதா மாமா?"

அவன் தலைக்கவசத்தைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். "இந்த வரிசையில நிக்கிறது முடியட்டும். பாப்போம்." இதைத்தான் போன வருசமும் சொன்னான்.

"நம்ம சாமி கெடாக்கும் ஆறு வயசுதான்" என்றாள் அவள். "பல்லு தேஞ்சு போச்சு. இனி கறிக்கு ஆகாதுன்னு பூசாரி ஆண்டிச்சாமி சொல்லிட்டாரு. கருப்பன்ட்டச் சொல்லிட்டு மாத்துக் கெடா விடணுமாம்."

"அதுக்கென்ன, இந்த ஈத்துல பெறந்த குட்டி ஒண்ண விட்டுரு. மெதுவா வளரட்டும்."

மெதுவா வளரட்டும் என்றானே, அந்த ஒரு சொல் அவளைச் சுட்டது. போனைப் பிடித்தபடியே கரையிலிருந்து பாதி தூரம் இறங்கி, மந்தையிலேயே நல்ல கிடாயாகப் பார்த்து, வியாபாரி அட்வான்ஸ் கொடுக்கக் கையை நீட்டியும் அவள் கொடுக்காமல் வைத்திருந்த கருப்புக் கிடாயை, கொம்பைப் பிடித்து இழுத்து வந்தாள். கரைமேல் நிறுத்தி அவனுக்குக் காட்டினாள்.

"இதத்தான் விடப் போறேன். குட்டிய விட்டா, அது வளந்து முடியிற வரைக்கும் நீங்க அங்கிட்டே இருந்துருவீக."

மாரிச்சாமி கிடாயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பேச்சை மாற்றப் பார்க்கிற ஆம்பிளை கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு. என்ன தீனி போடுற?"

"தீனியெல்லாம் இனி எதுக்கு மாமா? அது வளந்து முடிஞ்சுது. நீங்க வர வேண்டியதுதான் பாக்கி."