கடைசி மூணு எண்

செல்போன் ரிப்பேர் கடை அண்ணாச்சி, "விரலை எடும்மா. எடுத்தாத்தானே என்ன கோளாறுன்னு பாக்க முடியும்" என்றார். நான் எடுக்கவில்லை. போன் திரையின் நடுவைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, "ஓரத்தை மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றேன். பல்வலி என்று வந்து உட்கார்ந்துவிட்டு வாயைத் திறக்க மாட்டேன் என்கிறவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அந்த விரலுக்குக் கீழே இருந்தது என் வீட்டுக்காரர் சங்கு எடுக்கிற இடத்தின் நம்பர்.

அவர் சங்கு குளிக்கிறவர். சின்ன ஃபைபர் போட்டில் போய், படகிலிருந்து காற்று வருகிற ரப்பர் ஓஸை வாயில் கவ்விக்கொண்டு இறங்கி, மணலில் புதைந்து கிடக்கிற சங்கைத் தடவித் தடவி எடுப்பார். மேலே நின்று ஓஸையும் கயிற்றையும் பிடிப்பது என் தம்பி. எங்கள் பக்கம் அது பழைய வழக்கம், குளிக்கிறவனுக்கு மச்சினன்தான் கயிறு பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவள் தாலியறுக்கக் கூடாது என்று அவன் ஒருத்தன்தான் கண் அசராமல் நிற்பான். கீழேயிருந்து ரெண்டு தடவை இழுத்தால் உடனே தூக்கியாக வேண்டும். அதற்கு மேல் யோசிக்க நேரம் கிடையாது.

போன மழைக்கு அப்புறம் அவருக்கு ஒரு நல்ல இடம் அகப்பட்டது. நம்பரை அவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. படகு நிற்கிற இடத்தைக் காட்ட போனில் ஒரு ஜி.பி.எஸ். ஆப் உண்டு. கறுப்புத் திரையில் வெள்ளையாக ரெண்டு வரி எண் வரும். நங்கூரம் இழுத்துப் படகு நகர்கிறதா என்று ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் பார்ப்பார். வெயிலில் தெரிய வேண்டுமே என்று வெளிச்சத்தை முழுசாகக் கூட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அஞ்சாறு மணி நேரம் அப்படியே எரிய விடுவார். தினமும். ரெண்டு மாசத்துக்கு மேல்.

ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால் அதே இடத்தில் வேறு ரெண்டு படகு நங்கூரம் போட்டுக் கிடந்தது.

அன்றைக்கு அவர் சாப்பிட உட்காரவில்லை. "நம்பர் தெரிஞ்சது மூணு பேருக்கு. எனக்கு, இந்தப் போனுக்கு, உன் தம்பிக்கு. போன் வாயைத் திறக்காது" என்றார்.

தம்பி வாசலிலேயே நின்றான். "அத்தான், மாதா மேல சத்தியமா எனக்கு நம்பரே தெரியாது. நான் ஓஸைப் பாப்பனா, போனைப் பாப்பனா?"

"உன் சத்தியத்தை உப்பளத்துல கொண்டு காயப் போடுலே."

மறுநாள் கயிறு பிடிக்க யாரோ ஒருத்தனைக் கூட்டிப் போனார். மூணாம் நாள் மூக்கில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருக்க வந்தார். மேலே நின்றவன் தன் போனில் என்னமோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தானாம். ரெண்டு தடவை இழுத்தது அவனுக்குத் தெரியவில்லையாம். "நாளைக்கு வேற ஆளைப் பாத்துக்கிடலாம்" என்றார், சட்டைப் பொத்தான் போனதைச் சொல்கிற மாதிரி.

எனக்குச் சந்தேகம் பிறவியிலேயே ஜாஸ்தி. எட்டாம் வகுப்போடு நின்றவள், தெரியாத விஷயமெல்லாம் எனக்கு ஆபத்தாகத்தான் படும். கேஸ் அடுப்பை அணைத்தால் மூணு தடவை திரும்பிப் போய்ப் பார்ப்பேன். தம்பி சொன்னதையும் நான் முழுசாக நம்பவில்லை, அதை மறைப்பானேன். ஆனால் அந்த மூக்கு ரத்தத்தைப் பார்த்த பிறகு, இதை வேறு யாராவது செய்திருக்க மாட்டார்களா என்று மனசு தேட ஆரம்பித்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. காலையில் மாதா கோவில் வாட்ஸ்அப் குரூப்பில் ஜெப வசனம் வரும். அவர் போனில் அதைத் திறந்தால் வெள்ளைத் திரையில் அழுக்கு மாதிரி ஒன்று தெரியும். முந்தானையால் துடைத்தாலும் போகாது. இப்போது ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். அழுக்கில்லை. எண். ரெண்டு வரி.

போன் வாயைத் திறந்துதான் இருக்கிறது. அதுவும், சார்ஜ் ஏறவில்லை என்று அந்தச் செவ்வாய்க்கு முந்தின வாரம் இந்த அண்ணாச்சி கடையில் ஒரு பகல் முழுக்கக் கிடந்த போன்.

அதனால்தான் விரலை எடுக்கவில்லை.

அண்ணாச்சி கடைசியில் ஸ்டூலைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். "நான் அங்கிட்டுத் திரும்பிக்கிடுதேன். சொல்லச் சொல்ல நீயே செய். முதல்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்து உன் போனுக்கு அனுப்பு. அதுல கறை வருதா?"

அனுப்பிப் பார்த்தேன். என் போனில் சுத்தமாக இருந்தது.

"அப்போ கோளாறு படத்துல இல்ல, டிஸ்பிளேல. இப்போ வெறும் நிறமா நாலு படம் அனுப்புதேன். ஒவ்வொண்ணா முழுசா வச்சுப் பாரு."

சிவப்பில் ஒன்றும் தெரியவில்லை. பச்சையில் தெரிந்தும் தெரியாமலும். நீலத்தில் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் தழும்பு மாதிரி எழுந்து நின்றது.

"வெள்ளையா எரிஞ்ச இடம் தேய்ஞ்சு போயிருக்கும். நீலந்தான் முதல்ல தேயும்" என்று சுவரிடம் சொன்னார். "இதுல ரெண்டு விதம் உண்டு. சிலது வெறும் நிழல், ரெண்டு நாள் அணைச்சுப் போட்டா தானாப் போயிரும். போகலைன்னா பதிஞ்சது பதிஞ்சதுதான். டிஸ்பிளேயை மாத்தணும்."

"போன தடவை இங்கன கிடந்தப்போ இந்த எழுத்து இருந்துச்சா அண்ணாச்சி?"

"எழுத்தா? எழுத்தா படமான்னு நீ காட்டவே இல்லியே தாயி."

சரியான பதில்தான். சரியாக இருந்ததாலேயே எனக்குச் சந்தேகம் கூடியது.

காற்று பலமென்று ரெண்டு நாள் யாரும் கடலுக்குப் போகவில்லை. போனை ரிப்பேருக்குப் பார்க்கிறேன் என்று வாங்கி, அணைத்து, அலமாரியில் சேலைகளுக்கு நடுவில் வைத்தேன். மூணாம் நாள் சாம்பல் படத்தைப் போட்டுப் பார்த்தால் எண்கள் அப்படியேதான் இருந்தன. எனக்குச் சந்தோஷம், தம்பி மேல் விழுந்த பழி போகுமே என்று. நிதானமாக ஒவ்வொன்றாக வாசித்தேன். மேல் வரி எட்டில் ஆரம்பித்தது, கீழ் வரி எழுபத்தெட்டில். அது எங்கள் கடலில் எல்லாருக்கும் பொது. அடுத்த ரெண்டு எண்ணும் தெளிவு. கடைசி மூணுதான் தெரியவில்லை. தினம் நங்கூரம் கொஞ்சம் தள்ளித் தள்ளி விழும், படகும் ஆடும். எண்கள் மாறி மாறி ஒன்றின் மேல் ஒன்று பதிந்து, மூணும் மூணு எட்டு மாதிரிக் கரைந்து கிடந்தன.

அவரிடம் சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன். "நம்பர்ல கடைசி மூணு இல்லாட்டி இடத்தைக் கண்டுபிடிக்க முடியாதா?"

"அது நம்பரே இல்லளா. வெறும் கடலு."

ஆக, போன் சொல்லவில்லை. எனக்கு அந்த உண்மை தேவைப்படவில்லை. மறுநாள் விடிந்தால் இன்னொரு ஊர் பேர் தெரியாதவன் கையில் ஓஸ் இருக்கும்.

தம்பியைத் தேடிக் கரைக்குப் போனேன். யாருடைய படகுக்கோ பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். போனைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். "கடைசி மூணு மட்டும் தெரிஞ்சா, போன்லேருந்துதான் வெளிய போச்சுன்னு உங்க அத்தானை நம்ப வச்சிருவேன்" என்றேன்.

அவன் பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்தபடியே ஆறு எண்ணைச் சொன்னான். மேல் வரிக்கு மூணு, கீழ் வரிக்கு மூணு. தலையைக்கூடத் தூக்கவில்லை.

"தெரியாதுன்னு மாதா மேல சத்தியம் பண்ணினியேலே."

"அவரு நின்ன நெலையில தெரியும்னு சொன்னா அங்கனயே என்னை வெட்டிருப்பாரு. முதல் நாளே மனப்பாடம் பண்ணினேன்க்கா. கீழ அவருக்கு ஒண்ணுன்னா, பக்கத்துப் போட்டைக் கூப்பிட்டு எங்க இருக்கோம்னு சொல்லணும்லா?"

நம்புகிற மாதிரித்தான் இருந்தது. அவன் காலில் கிடந்த செருப்பு புதுசு. அதையும் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு நாற்பது தாண்டியதிலிருந்து பக்கத்தில் வைத்தால் எழுத்துக் கலங்கும். சாம்பல் திரையை மூக்கருகே கொண்டுபோனார், கையை நீட்டிப் பார்த்தார். "என்னமோ தெரியுது. நீ வாசி" என்றார். வாசித்தேன். கடைசி மூணு வரும்போது கண்ணைச் சுருக்கி, தடவித் தடவி வாசிக்கிறவள் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். கீழ் வரி முடிந்ததும் அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ அந்தக் கடைக்காரன்தான்."

"பஸ்ல, டீக்கடையில எத்தனை பேர் இதை எட்டிப் பாத்தாவளோ. ஆளைப் பாக்காம பழி சொல்லாதீங்க" என்றேன். கடை இருக்கிற தெருவுக்கு நான் அப்புறம் போகவில்லை. போனால் அண்ணாச்சி முகத்தை எப்படிப் பார்க்க?

"காலையில வரச் சொல்லு உன் தம்பியை" என்று மட்டும் சொன்னார்.

தம்பி வந்தான். அவன் ஓஸ் சுருளைப் பிரித்து, எங்கேயாவது வெடிப்பு இருக்கிறதா என்று முழம் முழமாக விரலுக்குள் ஓட்டிப் பார்த்தான். ஒரு இடத்தில் நின்று, திரும்ப ஓட்டி, அங்கே ஒரு சுற்று டேப்பை இழுத்து ஒட்டினான். நான் வாசலில் நின்று அவன் கையையே பார்த்தேன்.

"என்னக்கா அப்படிப் பாக்க?"

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டியா?"

இடத்தை அவன் விற்றிருப்பானா என்றால், விற்றிருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது. ஓஸை விட்டுவிடுவானோ என்று மட்டும் எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற எனக்கே. படகு போனதும் வீட்டைக் கூட்டி, சோறு வடித்து வைத்துவிட்டு, அன்றைக்கு மத்தியானம் நான் படுத்துத் தூங்கினேன்.