மொட்டைமாடி மூலைக்கு இன்னும் ஒரு மாதம்

எங்கள் தெருப் பிலோமின் எதிரில் ஒரு பல்லியும்கூட அன்றைய தேதியைச் சொல்லிவிட்டுத்தான் சுவரேறும். அவள் பள்ளிக்கூடத்தில் கிளார்க். அங்கே 2005 ஜூனில் புது நூலகம் கட்டி முடித்தார்கள். அதில் எந்த இடத்தைத் திருத்தினாலும், அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் விவரம் எழுதி, காண்டிராக்டர் தணிகாசலத்திடம் கையெழுத்து வாங்கிவிடுவாள்.

அடுத்த ஆண்டு அக்டோபர் மழையில் நூலகத்தின் ஒரு மூலை ஒழுகியது. அலமாரிகளை நடுவில் இழுத்துப் போட்டும் புத்தகங்கள் நனைந்தன. தணிகாசலம் கையை விரித்தார்.

“என் ஒரு வருஷப் பொறுப்பு ஜூனோட முடிஞ்சிடுச்சி மதாம். இனிமே ஒழுகுனா வானத்த கேளுங்க.”

பிலோமின் ஒரு தாளை நீட்டினாள். “கட்டடத்துக்கு முடிஞ்சிடுச்சிண்ணே. இந்த மூலைய போன நவம்பர்லதான் திருப்பிப் போட்டீங்க. திருத்துன எடத்துக்கு அன்னிலேர்ந்து ஒரு வருஷம்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. இன்னும் ஒரு மாசம் பாக்கி.”

“இது என் கையெழுத்துதானா?”

“பக்கத்துல இருக்கற டீக்கறையும் உங்களுதுதான்.”

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகுதான் உறைத்தது. “இப்ப சரி பண்ணா?”

“அதுலேர்ந்து இன்னொரு வருஷம்.”

மழை விட்டதும் கொத்தனாரை நம்பாமல் அவரே மாடியேறினார். மூலையைக் கொத்திப் புதிதாகப் போட்டு, ஒழுகுகிறதா என்று பார்க்க அதன்மேல் தண்ணீர் தேக்கி, மூன்று நாள் குடையோடு காவலிருந்தார். அவர் முறைத்த முறைப்பில் மேகமெல்லாம் கடலூர்ப் பக்கம் ஒதுங்கிப் போயிற்று. கீழே ஒரு சொட்டு விழவில்லை. பிலோமின் புத்தகங்களை ஒவ்வொன்றாக விரித்து, மின்விசிறிக்கு அடியில் காயவைத்துக்கொண்டிருந்தாள்.